பெர்லினில் ராஜா, மலையில் போதகர்

எங்கள் சனிக்கிழமை தமிழ் வகுப்பில் போன மாதம் ஒரு பிரச்சினை. பதிமூன்று வயதுப் பெண் ஒருத்தி, "மாதவிலக்கு நாளில் ஏன் கோயிலுக்குப் போகக்கூடாது?" என்று கேட்டிருக்கிறாள். "அது சாமி போட்ட சட்டம் இல்லை, மனுஷர் போட்டது" என்று டீச்சர் பதில் சொல்லியிருக்கிறார். ஒரு வாரத்துக்குள் நாலைந்து பெற்றோர் புகார் கொடுத்தார்கள். நிர்வாகக் குழு கூடியது. டீச்சருக்கு "கொஞ்ச நாள் ஓய்வு" என்று முடிவானது. அந்தக் குழுவில் நானும் ஒருவன். டீச்சர் சொன்னது சரி என்றுதான் நினைத்தேன். ஆனால் ஒரு ஜோக் அடித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

லா ஷோ-து-ஃபோனில் ஆறு வருஷமாக இருக்கிறேன். கடிகாரக் கம்பெனிகளுக்கு மென்பொருள் எழுதும் வேலை. இதே ஊரில் 1760-இல் நடந்த ஒரு விஷயம் இப்போது மனசை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஃபெர்டினான்ட்-ஒலிவியே பெட்டிபியேர் இங்கே புரட்டஸ்தாந்து சபைப் போதகர். நரக தண்டனை முடிவில்லாதது அல்ல, அன்பான கடவுள் மனிதனை என்றென்றைக்கும் எரிக்க மாட்டார் என்று பிரசங்கம் செய்தார். நமக்கு இதில் அதிர்ச்சியே இல்லை. நம் புராணங்களில் வினை தீர்ந்தால் நரகத்திலிருந்து வெளியே வந்து மறுபடி பிறக்கலாம். ஆனால் இங்கே போதகர்களின் சபை கொதித்துவிட்டது. முடிவில்லாத நரகம் இல்லையென்றால் ஜனங்கள் எதற்குப் பயப்படுவார்கள்?

அப்போது நொஷாத்தெல் நாட்டின் அரசர் யார் தெரியுமா? பிரஷ்யாவின் இரண்டாம் ஃபிரெடரிக். பெர்லினில் இருந்துகொண்டே இந்த மலைநாட்டுக்கும் ராஜா. வோல்தேரின் நண்பர், பதவிக்கு வந்ததும் சித்திரவதையைக் கட்டுப்படுத்தியவர், அவரவர் வழியில் அவரவர் மோட்சம் போகட்டும் என்றவர். அறிவொளிக் காலத்து மன்னர் என்றால் பாடப்புத்தகங்கள் முதலில் காட்டும் ஆள். அவருடைய ஆளுநர் ஜார்ஜ் கீத்தும் போதகர் பக்கம்தான். ஆனால் 1707-இல் பிரஷ்ய அரச குடும்பம் இந்த நாட்டை ஏற்றபோதே, சபையின் பழைய உரிமைகளில் கை வைப்பதில்லை என்று ஒப்புக்கொண்டிருந்தது. பெட்டிபியேரை 1760-இல் பதவி நீக்கினார்கள். ராஜா என்ன செய்தார்? அவர் பெயரில் ஒரு பதில் பிரபலம்: என் குடிமக்கள் நித்திய நரகம்தான் வேண்டும் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை!

ஜோக் பிரமாதம். போதகருக்கு வேலை போனது போனதுதான்.

ரெண்டே வருஷத்தில் ரூசோ வந்தார். பாரிஸும் ஜெனீவாவும் அவருடைய புத்தகங்களை எரிக்கச் சொன்ன 1762-இல், இதே நொஷாத்தெலின் மோத்தியே கிராமத்தில் தஞ்சம். அனுமதி கொடுத்தவர் அதே ஃபிரெடரிக்தான், அதை மறைக்கக் கூடாது. ஆனாலும் 1765 செப்டம்பரில் ஒரு ராத்திரி அவர் வீட்டின் மேல் கல் விழுந்தது. உள்ளூர்ப் போதகரின் பிரசங்கம் ஏற்கெனவே ஊரைச் சூடேற்றியிருந்தது. ரூசோ மூட்டை கட்டினார்.

ஃபிரெடரிக்கை வில்லனாக்கும் எண்ணம் எனக்கில்லை. ஒப்பந்தத்தை மதித்த அரசர் என்றும் சொல்லலாம். ஆனால் தனக்கு முழு அதிகாரம் இருந்த இடத்திலும், தத்துவ அறிஞர் மோசஸ் மெண்டல்சோன் யூதர் என்பதால் பெர்லின் அகாதெமிக்குள் விடவில்லையே? ரஷ்யாவின் கேத்தரின் கதையும் இதுதான். வோல்தேருக்குக் கடிதம் எழுதிக்கொண்டே பண்ணையடிமை முறையை இன்னும் பரப்பினார். ஆஸ்திரியாவின் இரண்டாம் ஜோசப் ஒருவர்தான் 1781-இல் சகிப்பு ஆணை போட்டுக் கொஞ்சம் துணிந்தார்.

இந்த ஊரில் மாற்றம் வந்தது 1848 மார்ச் 1-ஆம் தேதி. ஃபிரிட்ஸ் கூர்வாசியே தலைமையில் ஊர்க்காரர்கள் பனியில் மலை தாண்டி நடந்துபோய் நொஷாத்தெல் கோட்டையைப் பிடித்தார்கள். ராஜாவின் ஆட்சி போயிற்று. பழைய போதகர் சபையின் அதிகாரமும் போயிற்று. அடுத்த வருஷமே வெளிநாட்டவருக்கு உள்ளூர் வாக்குரிமை கொடுத்தார்கள். இன்று நிரந்தர அனுமதியோடு ஐந்து வருஷம் இந்த மாநிலத்தில் வாழும் வெளிநாட்டவர் மாநிலத் தேர்தலிலேயே ஓட்டுப் போடலாம். போன தடவை நான் போட்டேன்.

குழுவில் ஒரு பெரியவர் சொன்னார்: "தம்பி, இது வெள்ளைக்காரன்ர யோசனை. எங்கட பிள்ளையளைக் குழப்பக்கூடாது." அவரை மதிக்கிறேன். இங்கே வந்த புதிதில் எனக்கு வீடு பார்த்துக் கொடுத்தவரே அவர்தான். அந்நிய மண்ணில் பிள்ளைகள் கைவிட்டுப் போய்விடுவார்களோ என்ற பயம் அவருடையது. எனக்கும் நாலு வயதில் மகள் இருக்கிறாள், அந்தப் பயம் எனக்கும் தெரியும். ஆனால் சென்னையில் 1880-களிலேயே இலௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' என்று வார இதழ் நடத்தி, சாஸ்திரத்தையும் சாதியையும் தமிழிலேயே கேள்வி கேட்டார்கள். இதை அன்றைக்கே அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

நேற்று டீச்சருக்குப் போன் செய்தேன். நீங்கள் சொன்னதில் தப்பே இல்லை அக்கா என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"போனில எல்லாரும் அப்பிடித்தான் சொல்லினம் தம்பி. கூட்டத்தில சொல்லுங்கோ."

கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை.