பூச்சுக்குள் மறையும் வேலை: வாழ்விட மேம்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் மேலாண்மை இயக்குநர் அவர்களுக்கு,

1970ஆம் ஆண்டு குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கி, 2021இல் இன்றைய பெயரைப் பெற்ற வாரியம், சொந்தமாக வீடு கட்டிக்கொள்ள வழியற்ற குடும்பங்களின் சார்பில் அடுக்குமாடிக் குடியிருப்புகளைக் கட்டுகிறது. தனி ஒருவர் வீடு கட்டும்போது அவரோ அவர் வீட்டுப் பெரியவர் ஒருவரோ காலை முதல் மாலை வரை தளத்தில் நின்று செங்கல்லையும் சிமெண்ட் மூட்டையையும் எண்ணிக்கொண்டிருப்பது தமிழ்நாட்டில் எங்கும் காணும் வழக்கம். ஆனால் வாரியக் குடியிருப்பில் நாளை வாழப்போகும் குடும்பத்துக்கு, அந்த வீடு எழும்பும்போது அதன் அருகில் நிற்கும் வாய்ப்புக்கூட இல்லை. ஆகவே அவர்களுக்காக அங்கே நிற்க வேண்டிய கடமை முழுவதும் வாரியத்தையே சாரும். வாரியம் எழுப்பும் ஒவ்வொரு பெரிய குடியிருப்பிலும், வேறு தளமோ வேறு பணியோ ஒதுக்கப்படாத ஒரு மேற்பார்வைப் பொறியாளர், கடைக்கால் தோண்டும் நாள் முதல் சாவி கொடுக்கும் நாள் வரை வாரியத்தின் சார்பில் முழுநேரமும் தளத்தில் இருக்க வேண்டும் என்பதே இம்மடலின் கோரிக்கை.

2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கேசவப்பிள்ளை பூங்காக் குடியிருப்பில், புதிதாகக் குடியேறியவர்கள் கையால் தொட்ட இடத்திலேயே சுவர்ப் பூச்சு உதிர்ந்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. சென்னை ஐஐடி வல்லுநர்கள் ஆய்வுக்கு அழைக்கப்பட்டனர். பொறியாளர்கள் இருவர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டனர். அந்நிகழ்வு எழுப்ப வேண்டிய முதன்மையான கேள்வி மட்டும் போதிய அழுத்தம் பெறவில்லை. பூச்சு என்பது கட்டடத்தின் வெளித்தோல். அதன் குறை கைக்கு எட்டுகிறது, கண்ணுக்குத் தெரிகிறது, கேமராவிலும் பதிகிறது. தூணுக்குள் இருக்கும் கம்பியின் இடைவெளி, பீம் தூணோடு சேரும் முடிச்சில் கான்கிரீட் நிறைந்த விதம், குளியலறைத் தரைக்கு அடியில் இட்ட நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு ஆகியவற்றின் குறை அவ்வாறு உடனே வெளிப்படுவதில்லை. கட்டுமானத்தில் இவற்றை மறைவுப் பணிகள் எனலாம். அதாவது, அடுத்த கட்ட வேலை தொடங்கியதும் நிரந்தரமாக மூடப்பட்டு, உடைத்தாலன்றிப் பார்க்க இயலாதவை. அடுக்குமாடியின் உறுதியும் ஆயுளும் பெரும்பாலும் இவற்றைப் பொறுத்தே அமைகின்றன.

இன்றைய நடைமுறையில் தளத்தின் அன்றாடக் கண்காணிப்பு உதவிப் பொறியாளரைச் சார்ந்தது. அவருக்கு மேல் உதவி செயற்பொறியாளரும் செயற்பொறியாளரும் உள்ளனர். முடிந்த வேலையின் நீள, அகல, உயரங்களை உதவிப் பொறியாளர் அளவுப் புத்தகத்தில், அதாவது ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்க அடிப்படையாகும் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில், எழுதுகிறார். மேலதிகாரிகள் அதன் ஒரு பகுதியைச் சரிபார்க்கின்றனர். அதன்படி பில் தயாராகிறது. பொதுப்பணத்தைக் காக்க ஏற்பட்ட பழமையான, பயனுள்ள முறை இது. ஆனாலும் இது அளவைப் பதிவு செய்யும் அளவுக்குத் தரத்தைப் பதிவு செய்வதில்லை. போட்ட கான்கிரீட் எத்தனை கன மீட்டர் என்று அளவுப் புத்தகம் சொல்லும், அதைப் போடும்போது கலவையை அதிரவைத்துச் செறிவாக்கும் வைப்ரேட்டர் ஓடியதா என்று சொல்லாது. அன்றியும், ஒரே உதவிப் பொறியாளர் பல தளங்களையும் அலுவலகக் கோப்புகளையும் ஆய்வுக் கூட்டங்களையும் சேர்த்துச் சுமக்கும்போது, குறித்த நாளில் பணியை முடிக்கும் நெருக்கடியும் தரத்தைக் காக்கும் பொறுப்பும் ஒரே தோளில் ஏறுகின்றன. அந்நிலையில் விட்டுக்கொடுக்கப்படுவது எது என்பது துறை சார்ந்த அனைவரும் அறிந்ததே.

ஒரு தூண் வார்க்கும் வேலையை அருகில் நின்று நோக்கினால் இதன் முழுப் பொருளும் விளங்கும். கம்பி கட்டி முடிந்து, கலவைக்கு அச்சாக நிற்கும் சென்ட்ரிங் பலகை அடைக்கப்படுவதற்கு முன் கிடைக்கும் ஓரிரு மணி நேரத்தில் பார்க்க வேண்டியவை பல: நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிய வளையங்களின் இடைவெளி வரைபடப்படி உள்ளதா, நிலநடுக்கத்தைத் தாங்கும் பொருட்டு வளையத்தின் கொக்கிகள் 135 பாகை உள்நோக்கி வளைக்கப்பட்டுள்ளனவா, கம்பிக்கும் பலகைக்கும் இடையே கவர் பிளாக் வைக்கப்பட்டுள்ளதா என்பவை அவற்றுள் சில. கவர் பிளாக் என்பது கம்பியைப் பலகையில் ஒட்டவிடாமல் தள்ளி நிறுத்தும் சிறு கான்கிரீட் கட்டை, ஐ.எஸ். 456 என்னும் இந்தியத் தர விதி பொதுவாகத் தூணின் கம்பிக்கு மேல் 40 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்கிறது. அக்கட்டை ஒன்று நழுவிக் கம்பி பலகையை ஒட்டிவிட்டால், சென்னையின் உப்புக்காற்றில் சில ஆண்டுகளில் கம்பி துருப்பிடித்துப் பருத்து, மேல் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். பலகை அடைத்த பிறகு இதைக் காண வழியில்லை. பலகை பிரித்த பிறகோ, கலவை நிறையாமல் ஜல்லி துருத்தி நிற்கும் தேன்கூடு போன்ற பொந்துகள்கூட அன்று மாலையே சிமெண்ட் பூசி மறைக்கப்படக்கூடும்.

கலவை லாரி தளத்துக்கு வந்ததும் இன்னொரு நெருக்கடி தொடங்குகிறது. ஆலையில் தயாரான கலவையை, ஏற்றிய நேரத்திலிருந்து பொதுவாக 2 மணி நேரத்துக்குள் இறக்கிவிட வேண்டும். போக்குவரத்தில் சிக்கித் தாமதமாக வரும் கலவை இறுகத் தொடங்கியிருக்கும். குழாய் வழியே எளிதில் ஓட வேண்டும் என்பதற்காக அதில் தண்ணீர் ஊற்றச் சொல்லும் குரல் தளத்தில் எழாமல் இருப்பது அரிது. அப்படி ஊற்றப்படும் ஒவ்வொரு குடம் தண்ணீரும் கான்கிரீட்டின் வலிமையைக் குறைக்கிறது. வலிமையை அறிய 150 மில்லிமீட்டர் கனசதுர அச்சில் மாதிரி எடுத்து, தண்ணீரில் வைத்து, 28 நாள் கழித்து நசுக்கிப் பார்க்கும் கியூப் சோதனை கட்டாயமாக உள்ளது. ஆயின் முடிவு வரும் நாளில் அத்தூணின் மேல் அடுத்த தளங்கள் எழும்பத் தொடங்கியிருக்கும். மேலும், மாதிரி அச்சில் விழுந்த கலவையும் தூணில் விழுந்த கலவையும் ஒன்றுதானா என்பதற்கு, அவ்வேளையில் லாரியின் அருகில் நின்ற ஒருவரின் சாட்சியம் தவிர வேறு உறுதி கிடையாது.

முழுநேர மேற்பார்வை இல்லாததன் விளைவை ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம் 2016 சனவரியில் கண்டது. புயற்காற்றில் ஆக்ஸ்கேங்ஸ் தொடக்கப் பள்ளியின் வெளிச்சுவரிலிருந்து சுமார் 9 டன் எடையுள்ள பகுதி சரிந்து விழுந்தது; பள்ளி தொடங்காத அதிகாலை நேரமாக இருந்ததால் மட்டுமே குழந்தைகள் தப்பினர். தொடர்ந்து நடந்த சோதனைகளால் அந்நகரில் 17 பள்ளிகள் மூடப்பட்டன. கட்டடக் கலைஞர் ஜான் கோல் 2017இல் அளித்த விசாரணை அறிக்கை, வெளிச்சுவரையும் உட்சுவரையும் பிணைக்கும் எஃகு இணைப்பிகள் உரிய ஆழத்தில் பதிக்கப்படாமல் விடப்பட்டதையும், செங்கல் வரிசைகள் எழும்பும்போதே அருகில் நின்று சரிபார்க்கும் தற்சார்பான மேற்பார்வை போதாமல் போனதையும் சுட்டிக்காட்டியது. உடைமையாளரின் சார்பில் தளத்தில் நின்று பணியைச் சோதிக்கும் ஊழியரைப் பணியமர்த்தும் வழக்கம் பிரிட்டனில் நெடுங்காலமாக இருந்தது. தனியார் நிதியில் கட்டித்தரும் முறை பரவிய காலத்தில், ஒப்பந்ததாரரே தம் தரத்தைச் சான்றளித்துக்கொள்வார் என்ற நம்பிக்கையில் அது தேய்ந்துபோனது. தமிழ்நாட்டின் அரசுப் பணித் தளங்களிலும் ‘ஒர்க் இன்ஸ்பெக்டர்’ என்று மேஸ்திரிகள் அழைக்கும் பணி ஆய்வாளர் அத்தகைய இடத்தில் இருந்தவரே. அப்பதவியின் மதிப்பை மீட்பதும், அதற்குப் பொறியியல் தகுதியும் அதிகாரமும் தருவதுமே இங்கு வேண்டப்படுகிறது.

மூன்றாம் தரப்பு ஆய்வு நடைபெறும்போது இன்னொருவர் எதற்கு என்ற கேள்வி எழலாம். பொறியியல் கல்லூரி ஒன்றின் குழு அவ்வப்போது வந்து ஆய்வது நல்லதே. என்றாலும் அக்குழு வரும் நாளைத் தளம் முன்கூட்டியே அறிந்திருக்கும், வராத நாட்களில் வார்க்கப்பட்ட தூண்களை அது பார்க்கவும் இயலாது. செலவு கூடும் என்பதும் வலுவான மறுப்பாகாது. கேரளத்தின் பாலாரிவட்டம் மேம்பாலம் 2016இல் திறக்கப்பட்டு, விரிசல்கள் காரணமாக 2019இல் மூடப்பட்டு, பெரும் பகுதி மறுபடியும் கட்டப்பட்டு, 2021 மார்ச்சில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. ஒரே பாலத்தை இருமுறை கட்டிய செலவோடு ஒப்பிட, ஒரு பொறியாளரின் சில ஆண்டு ஊதியம் ஒரு பொருட்டே அன்று.

அம்மேற்பார்வையாளரின் அதிகார எல்லை தெளிவாக வரையறுக்கப்பட வேண்டும். கம்பி கட்டு, கடைக்கால், நீர்க்கசிவுத் தடுப்பு போன்ற மறைவுப் பணிகளில் அவர் கையொப்பமிடாமல் அடுத்த கட்டம் தொடங்கக் கூடாது என்ற நிறுத்தப்புள்ளிகள் ஒப்பந்தப்புள்ளி ஆவணத்திலேயே இடம்பெற வேண்டும்; அப்போதுதான் நிறுத்தம் ஒப்பந்ததாரருக்கு எதிர்பாராத இழப்பாகாது. அதே சமயம், வேலையை எவ்வாறு செய்வது என்று அவர் மேஸ்திரிக்கு நேரடியாக உத்தரவிடலாகாது. உத்தரவிட்டால், பின்னர் எழும் குறைக்கான பொறுப்பு ஒப்பந்ததாரரிடமிருந்து நழுவி வாரியத்தின் மேல் வந்து விழும். ஏற்கத்தகாததைத் தள ஆணைப் பதிவேட்டில் எழுதி மறுப்பதோடு அவர் பணி முடிகிறது. அவருடைய ஊதியம் வாரியத்திடமிருந்தே வர வேண்டும், பணியின் வேகத்துக்கு அவர் பதிலளிக்க வேண்டியிருக்கக் கூடாது, வேலையை நிறுத்திய காரணத்துக்காக இடையில் மாற்றப்படவும் கூடாது. கடைசி நிபந்தனை இல்லாவிடில் முந்தையவை அனைத்தும் ஏட்டளவிலேயே நின்றுவிடும்.

‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ என்ற திட்டத்தின் வழியே, குடியிருப்புகளின் பராமரிப்பில் குடியிருப்போர் நலச் சங்கங்களை வாரியம் பங்கேற்கச் செய்துவருகிறது. பராமரிப்பின் சுமையில் பங்குபெறும் மக்களுக்கு, கட்டடத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அறியும் உரிமையும் சேர்த்தே வழங்கப்பட வேண்டும். ஆகவே, மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு, மறைவுப் பணிகளின் நாளிட்ட ஒளிப்படங்கள், கியூப் சோதனை முடிவுகள், நிறுத்திய வேலைகளும் திருத்திய வேலைகளும் பற்றிய பதிவுகள் ஆகிய அனைத்தையும் சாவியுடன் சேர்த்துச் சங்கத்திடம் ஒப்படைக்குமாறும், அடுத்து அறிவிக்கப்படும் ஒப்பந்தப்புள்ளியிலேயே இம்முறையைச் சேர்க்குமாறும் தங்களை இம்மடல் பணிவுடன் கேட்டுக்கொள்கிறது.