அத்தானுக்குத் தண்ணியில கண்டம்!

வெனிஸ் போகிறவர்களுக்கு முதல் அட்வைஸ்: ரயிலில் 'வெனிசியா' என்று போர்டைப் பார்த்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குதிக்காதீர்கள். அந்தப் பேர்ல ரெண்டு ஸ்டேஷன் இருக்கு மக்களே! ஒண்ணு வெனிசியா மெஸ்த்ரே. இன்னொண்ணு வெனிசியா சாந்தா லூச்சியா. முதலில் வருவது மெஸ்த்ரே. அது கரையில் இருக்கிற சாதாரண ஊர். பஸ் ஓடும், அபார்ட்மென்ட் இருக்கும், டிராபிக் சிக்னல் இருக்கும். நாம் சினிமாவில் பார்த்த படகு வெனிஸ் வேணும்னா, 1846-ல் திறந்த ரயில் பாலத்தில் கடலைத் தாண்டி இன்னும் பத்து நிமிஷம் போகணும்.

என் பெரியம்மா பொண்ணும் அவ வீட்டுக்காரரும் எந்த ஸ்டேஷன்ல இறங்கினாங்கன்னு இந்நேரம் நீங்களே கண்டுபிடிச்சிருப்பீங்க.

அத்தானுக்கு மியூனிக்கில் ஆன்சைட். கல்யாணமான கையோடு அக்காவும் வேலையை விட்டுட்டு கூடவே போயிட்டா. போய் நாலு மாசம். அத்தானுக்கு சனிக்கிழமைகூட கால் இருக்கும். அக்காவுக்கு பாஷை தெரியாது, பேச ஆள் கிடையாது. எனக்கே ஒருநாள் மதியம் போன் பண்ணி, "மெஸ்ல இன்னிக்கு என்னடா குழம்பு?"ன்னு கேட்டா. நம்ம மெஸ் குழம்பைப் பத்தி ஒருத்தர் ஆசையா கேக்கறாங்கன்னா நிலைமை எவ்வளவு மோசம்னு பார்த்துக்கோங்க. ரெண்டு பேரும் சேர்ந்து அதுவரைக்கும் போன ஒரே டூர் திருச்செந்தூர். அதுவும் பதினோரு பேரோட, ஒரே வேன்ல.

அதனால போன நவம்பர்ல இந்த ரெண்டு நாள் வெனிஸ் ட்ரிப் முடிவானப்போ, "லேப்டாப்பைத் தூக்கிட்டு வந்தார்னா நான் அப்படியே சென்னைக்கு பிளைட் ஏறிடுவேன்டா" என்றாள். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. எனக்கு என்னவோ அது ஜோக் மாதிரி தெரியலை.

அத்தான் லேப்டாப்பை எடுத்துட்டுப் போகலை. எக்ஸெல் ஷீட்டை எடுத்துட்டுப் போனார். ரெண்டு நாள், பதினாலு இடம், ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கலர். முதல் வரியிலேயே மெஸ்த்ரேவில் பல்பு.

"என்னங்க, வெனிஸ்ல தண்ணியே இல்லையே?"

"ஸ்டேஷன் பக்கம் எப்படி இருக்கும்? ஊருக்குள்ள போனா வரும், வா."

இருபது நிமிஷம் பெட்டியை இழுத்துட்டு நடந்து, பஸ் ஸ்டாப்ல நின்ன ஒருத்தர்கிட்ட கேட்டிருக்காங்க. அவர் ஒண்ணுமே பேசாம, வந்த வழியையே கை காட்டினாராம். அந்த முகத்தைப் பார்த்தா, அன்னிக்கு அவர்கிட்ட கேட்ட முதல் ஆள் இவங்க இல்லைன்னு தெரிஞ்சுதாம்.

சாந்தா லூச்சியாவில் இறங்கி வாசலுக்கு வந்தால் படிக்கட்டு, அதுக்குக் கீழே நேரா கிராண்ட் கால்வாய். அக்கா வாயைப் பிளந்து நின்னுட்டா. அத்தான் மட்டும் டிக்கெட் கவுன்ட்டர்ல நின்னு பெருக்கிட்டு இருந்தார். அந்த ஊர் டவுன் பஸ் மாதிரி ஓடுற படகுக்கு வேப்பொரெட்டோன்னு பேரு. 75 நிமிஷத்துக்கு ஒரு ஆளுக்கு ஒன்பதரை யூரோ. ரெண்டு பேருக்கு சுமாரா ரெண்டாயிரம் ரூபாய். "இந்தக் காசுக்கு திருநெல்வேலிக்கே போயிடலாம்" என்ற புலம்பலோடு ரெண்டாம் நம்பர் படகுல ஏறினாங்க. நம்பர் கரெக்ட். பக்கம் ராங். அதே ரெண்டாம் நம்பர் எதிர்ப்பக்கமும் போகும். ஒரு பக்கம் போனா அரண்மனையா வரும். இன்னொரு பக்கம் போனா கார் பார்க்கிங் வரும். கார் பார்க்கிங்கைப் பார்த்ததும் அத்தான் சொன்னாராம், "இதுதான் ஷார்ட் கட்."

எப்படியோ ஊரைச் சுத்திக்கிட்டு சான் மார்க்கோ பக்கம் இறங்கியாச்சு. அடுத்து ஹோட்டலைக் கண்டுபிடிக்கணும். இங்கேதான் வெனிஸ் தன் வேலையைக் காட்டிச்சு. அந்த ஊர்ல வீட்டு நம்பர் தெருவுக்குத் தெரு கிடையாது. ஊரையே ஆறு பேட்டையா பிரிச்சு, பேட்டை முழுசுக்கும் ஒரே நம்பர் வரிசை. காஸ்டெல்லோங்கிற பேட்டையில நம்பர் ஆறாயிரத்தைத் தாண்டும். ஐயாயிரத்துச் சொச்சம்னு ஒரு நம்பரைக் கையில வெச்சுக்கிட்டு சந்து சந்தா தேடணும். (நம்ம எக்ஸாம் ஹால்ல ரோல் நம்பர் தேடுறதெல்லாம் இதுக்கு முன்னாடி ஜுஜுபி!)

போன்ல மேப் இருக்கேங்கறீங்களா? கை நீட்டினா ரெண்டு சுவரும் இடிக்கிற சந்துல சாட்டிலைட் சிக்னல் சுவர்ல பட்டுப் பட்டு வரும். ஈ.சி.ஈ. மக்களுக்கு இது தெரியும். நீலப்புள்ளி கூரை மேல ஒரு தடவை, வாய்க்கால் நடுவுல ஒரு தடவைன்னு குதிச்சுக்கிட்டே இருந்ததாம். அதை நம்பிப் போன ஒரு சந்து நேரா தண்ணியிலேயே முடிஞ்சுது. தடுப்பெல்லாம் எதுவும் இல்லை. சந்து, படி, தண்ணி. அத்தான் இன்னும் ஒரு அடி வெச்சிருந்தா சேப்டர் க்ளோஸ். "மாப்பிள்ளைக்குத் தண்ணியில கண்டம்"னு ஜாதகம் பார்த்தப்பவே சொன்ன எங்க பாட்டிதான் அக்காவுக்கு அந்த நிமிஷம் ஞாபகம் வந்தாங்களாம்.

ஊர்ல 400க்கும் மேல பாலம். முக்கால்வாசியில படிக்கட்டு. ஏறுறப்போ பெட்டி, இறங்குறப்போ பெட்டி. சுவர்ல 'சான் மார்க்கோவுக்கு வழி'ன்னு மஞ்சள் போர்டு இருக்கும், அதுலயும் சில இடத்துல அம்புக்குறி ரெண்டு பக்கமும் காட்டும். ஒரு முகமூடிக் கடையை மூணு தடவை தாண்டியிருக்காங்க. மூணாவது தடவை கடைக்காரரே கை ஆட்டினாராம்.

ரெண்டு மணி நேரம் ஆச்சு. அத்தான் டென்ஷனாகி, "எக்ஸெல்ல நாலு வரி போச்சு, நீ வேகமா நடந்திருந்தா..."ன்னு குரலை உசத்திட்டார். அக்கா பெட்டி மேலேயே உட்கார்ந்துட்டா.

"ரெண்டு மணி நேரத்துக்கே இப்படிக் கத்துறீங்களே. நான் அங்க நாலு மாசமா தினமும் இப்படித்தான் நிக்கிறேன். எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாது, யார்கிட்ட கேக்கறதுன்னும் தெரியாது. சாயங்காலம் வந்து 'இன்னிக்கு என்ன பண்ணே'ன்னு கேப்பீங்க. நான் என்னன்னு சொல்றது?"

அத்தான்கிட்ட இதுக்கு எக்ஸெல்ல பதில் இல்லை. சரியா அந்த நேரம் பார்த்து ஆபீஸ்ல இருந்து கால். சனிக்கிழமை ஆச்சே! அத்தான் கட் பண்ணினார். (சார்ஜ் மூணு பர்சென்ட் இருந்ததாலதான் கட் பண்ணார் என்பது அக்கா கட்சி. இல்லவே இல்லை என்பது அத்தான் கட்சி. கேஸ் இன்னும் நடக்குது.) பக்கத்துல பெட்டி மேல அவரும் உட்கார்ந்தார். எவ்வளவு நேரம் பேசினாங்க, என்ன பேசினாங்கன்னு அக்கா எனக்குச் சொல்லலை. நானும் கேக்கலை. கடைசியில காய்கறி வண்டியை இழுத்துட்டு வந்த ஒரு பாட்டி நம்பரைப் பார்த்துட்டு, முதுகுக்குப் பின்னாடி இருந்த சந்தைக் காட்டினாங்க. ஹோட்டல் ரெண்டு நிமிஷம்!

மறுநாள் காலையில சான் மார்க்கோ சதுக்கம். 1902-ல் பொலபொலன்னு சரிஞ்சு விழுந்து, 1912-ல் அதே இடத்துல அதே மாதிரி கட்டின மணிக்கூண்டு இருக்கிற இடம். அத்தான் படிச்சது சிவில், வேலை பார்க்கிறது ஐ.டி. அதனால ராத்திரி முழுக்க 'மோசே' திட்டம் பத்தி லெக்சர். கடல் உள்ளே வர்ற மூணு வாயிலும் 78 இரும்புக் கதவு. சாதாரணமா தரையில படுத்திருக்கும். அலை ஏறினா உள்ளே இருக்கிற தண்ணியை வெளியேத்தி காத்தை அடைப்பாங்க, கதவு எழுந்து நிக்கும். 2020 அக்டோபர் 3-ம் தேதிதான் முதல் முறையா நிஜ வெள்ளத்தை நிறுத்திச்சு. "இனிமே வெனிஸ்ல கால் நனையாது"ன்னு சொல்லி, கல்யாண ஷூவைப் போட்டுட்டுக் கிளம்பினார்.

சதுக்கத்துல கணுக்கால் வரைக்கும் தண்ணி!

மேட்டர் என்னன்னா, தண்ணி 110 சென்டிமீட்டரைத் தொடும்னு தெரிஞ்சாதான் கதவைத் தூக்குவாங்க. சான் மார்க்கோ ஊரிலேயே பள்ளமான இடம். அதுக்கு முன்னாடியே அங்கே தரையில இருக்கிற வடிகால் ஓட்டை வழியா கடல் மேல வந்துடும். லெக்சர்ல இந்த வரி மட்டும் விட்டுப்போச்சு.

வழியில பளபளன்னு ஆரஞ்சு கலர்ல பிளாஸ்டிக் பூட்ஸ் உறை விக்கிறாங்க, பத்து யூரோ. அக்காவுக்கு ஒண்ணு வாங்கினார். தனக்கு வேணாம்னுட்டார். "வேளச்சேரிக்காரன்டி நான். 2015-ல இடுப்பளவு பார்த்தவன்." பேன்ட்டைச் சுருட்டி, ஷூவைக் கழுத்துல மாலையா போட்டுட்டு, நவம்பர் குளிர்ல வெறுங்காலோட இறங்கிட்டார். பக்கத்துல ஒரு ஜப்பான்காரர் இவரை போட்டோ எடுத்தாராம்.

அக்கா கட்டிட்டு வந்த சப்பாத்தி ரோலைப் பிரிச்சா, மேலேர்ந்து ஒரு கடல் காக்கா சர்ருனு வந்து தூக்கிட்டுப் போயிடுச்சு. அங்கே புறாவுக்குத் தீனி போட 2008-லேயே தடை வந்தாச்சு. காக்கா தானா எடுத்துக்கிட்டா யாருக்கு அபராதம்னு ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் விவாதிச்சிருக்காங்க. "போகட்டும் விடு, அமாவாசைக்கு வெச்சதா நினைச்சுக்கோ" என்றாராம் அத்தான்.

கடைசியா கொண்டோலா. பகல்ல அரை மணிக்கு 90 யூரோ, அதுவே அரசாங்க ரேட். "ஒன்பதாயிரமா? அது என் முதல் செமஸ்டர் பீஸ்!" அக்கா முகம் வாடிச்சு. அப்போதான் ட்ரகெட்டோ கண்ணுல பட்டுது. கிராண்ட் கால்வாய்க்கு மொத்தமே நாலு பாலம்தான். அதனால நடுவுல அக்கரைக்கு ஆள் ஏத்திப் போக கொண்டோலா மாதிரியே ஒரு படகு. ரெண்டு யூரோ. ஊர்க்காரங்க நின்னுக்கிட்டே போவாங்க. போய், வந்து, மறுபடியும் போயிருக்காங்க. பன்னிரண்டு யூரோவில் மூணு கொண்டோலா! எக்ஸெல்ல இருந்த பதினாலு இடத்துல பார்த்தது ரெண்டரை. டோஜே அரண்மனையை வெளியே நின்னு பார்த்ததால அரை.

இப்போ செவ்வாய், வியாழன் சாயங்காலம் ரெண்டு பேரும் ஜெர்மன் கிளாஸ் போறாங்க. அக்கா பர்ஸ்ட் பெஞ்ச். அத்தான் லேட்டா வந்து கடைசி பெஞ்ச். இம்போசிஷன் எழுத வெச்சாங்களாம்.

அந்தப் படகு போட்டோவை அக்கா குடும்ப குரூப்ல போட்டா. அத்தான் ஷூவைக் கழுத்துல மாட்டிக்கிட்டு, ரெண்டு கையாலயும் அக்கா தோளைப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை இறுக்க மூடிட்டு நிக்கிறார். முதல் கமென்ட் எங்க பாட்டியோடதுதான். "ஏட்டி, மாப்பிள்ளை கால்ல செருப்பு எங்க?"