மாடிப் போர்ஷன் யாருக்கு?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் வடசென்னையிலிருந்து தென்மாவட்டத்துச் சிறுநகரம் ஒன்றுக்கு மாறுதலாகி வந்தேன். நண்பர்களுக்குக் கொஞ்சம் பொறாமை. "டிராஃபிக் இல்ல, நல்ல தண்ணி, வாடகை பாதிதான்" என்றார்கள். அதில் பொய்யில்லை. லாட்ஜிலிருந்து அலுவலகத்துக்கு நடந்தே போய்விடலாம். எனக்குச் சர்க்கரை கம்மி என்பது பேருந்து நிலையத்து டீ மாஸ்டருக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. காய்ச்சலில் ஒருநாள் படுத்தால் மறுநாள் நான்கு பேர் நலம் விசாரித்தார்கள்.

பிறகு வீடு தேடப் போனேன்.

"சார் யாரு?" என்றார் புரோக்கர். பெயரைச் சொன்னேன். "அது சரி சார், யாரு?" வேலையைச் சொன்னேன். "அதில்ல சார்... சொந்த ஊர் எது? அங்க எந்தத் தெரு?" சிறுநகரத்தில் 'யாரு' என்ற கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் செல்லும். அது சாதி.

லாட்ஜில் இருபத்து மூன்று நாள் கிடந்தேன். பதினான்கு வீடு பார்த்தேன். போனில் காலியாக இருந்த வீடு, நேரில் போனதும் "நேத்துதான் அட்வான்ஸ் வாங்கினோம்" என்றானது. டு-லெட் பலகை மட்டும் மாதம் முழுக்கத் தொங்கியது. "நாங்க சைவம், ஒத்துவராது" என்று ஒருவர் சொன்னபோது அவர் வீட்டு அடுக்களையிலிருந்தே கருவாட்டு வாசம் வந்தது. ஒருவர்கூடச் சாதியை வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே காரியம் நடந்துவிடும் அளவுக்கு அந்த ஏற்பாடு பழகியிருக்கிறது.

கடைசியில் உடன் வேலை செய்பவர் ஒருவர் உதவினார். "நம்ம ஆளுன்னு சொல்லி வச்சிருக்கேன். நீங்க வாயத் திறக்காம இருந்தாப் போதும்." நல்ல மனிதர். அவசரத்துக்கு வண்டிச் சாவியைக் கொடுப்பதுபோலத் தன் சாதியை இரவல் கொடுத்தார். மாடிப் போர்ஷன் கிடைத்தது. அண்ணல் அம்பேத்கரின் படம் மட்டும் அட்டைப்பெட்டியை விட்டு வெளியே வரவில்லை.

1917-இல் பரோடா அரசுப் பணிக்குப் போன அம்பேத்கருக்கு அங்கே தங்க இடமில்லை. கொலம்பியாவிலும் லண்டனிலும் படித்துத் திரும்பியவர், பார்சி விடுதி ஒன்றில் பார்சிப் பெயரைப் பதிந்து தங்கினார். பதினோராம் நாள் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். ரயிலுக்கு நேரமாகும்வரை பொதுப் பூங்கா ஒன்றில் உட்கார்ந்திருந்தார். ஒரு நூற்றாண்டு கழித்து, அவர் எழுதிய அரசமைப்பின்படி வேலை பெற்ற நான், அவர் படத்தை ஒளித்து வைத்துவிட்டு இரவல் சாதியில் குடியிருந்தேன். இதைவிட வெட்கம், ஊரிலிருந்து வந்த அம்மாவிடம், "வீட்டுக்கார அம்மா கேட்டா நம்ம தெருப் பேரைச் சொல்லாதம்மா" என்று நான் சொன்னதுதான்.

அம்மா பதில் சொல்லவில்லை. ஏப்ரல் 14 காலையில் பெட்டியைப் பிரித்துப் படத்தைத் துடைத்துக் கூடத்தில் மாட்டினார். "வாடகை குடுத்துதானடா இருக்க?" என்றார்.

தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மேலே வந்த வீட்டுக்காரர் கண்ணில் படம் பட்டது. எதுவும் பேசவில்லை. அடுத்த வாரம், "மகன் குடும்பத்தோட வர்றான், ஒரு மாசத்துல காலி பண்ணிக் குடுங்க" என்றார். நான் காலி செய்த பிறகு அந்த மாடி நான்கு மாதம் பூட்டியே கிடந்தது.

சாதியென்றால் கிராமம், விடுதலையென்றால் நகரம் என்று பேசிப் பழகிவிட்டோம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் சிறுநகரம் நம் கணக்கில் வருவதில்லை. கிராமத்தில் ஊரும் சேரியும் கண்ணுக்குத் தெரியும்படி பிரிந்திருக்கின்றன. இங்கே அந்தக் கோடு புரோக்கரின் மனதில் இருக்கிறது. அரசு ஆவணங்களிலிருந்து 'காலனி' என்ற சொல்லை நீக்குவதாக 2025-இல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்போம். ஆனால் மனதில் இருக்கும் வரைபடத்தை எந்த அரசாணை அழிக்கும்? 'எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்' என்பது சிறுநகரத்தின் அழகு என்கிறார்கள். என் காய்ச்சலை விசாரித்ததும், என் தெருவை விசாரித்ததும் அதே ஊர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது? அரசமைப்பின் 15(2) கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம் என்று பட்டியலிடுகிறது. வாடகை வீடு அதில் இல்லை. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் ஒப்பந்தம், முன்பணம், வெளியேற்றம் பற்றியெல்லாம் பேசுகிறது. சாதி பார்த்து வீடு மறுப்பதைப் பற்றிப் பேசவில்லை. பார்சிகளுக்கு மட்டுமான கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் செல்லும் என்று 2005-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நாடலாமென்றால், "மகன் வர்றான்" என்ற சொல்லை எந்தக் காவல் நிலையத்தில் நிரூபிப்பது?

இதே மாநிலத்தில்தான் 1998-இல் மேலக்கோட்டையில் முதல் பெரியார் நினைவு சமத்துவபுரம் திறக்கப்பட்டது. நூறு வீடுகளில் நாற்பது தலித்துகளுக்கு. யார் பக்கத்தில் யார் குடியிருப்பது என்பதில் அரசு தலையிட முடியும் என்பதற்கு அது சான்று. வாடகைச் சந்தையிலும் தலையிடட்டும். சாதி, மதம் கேட்டு வீடு மறுப்பதைக் குற்றமாக்கும் பிரிவு ஒன்றை வாடகைச் சட்டத்தில் சேர்க்கக் கோருவோம்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இதை வாசிக்கும் உங்களில் பலர் ஊரில் சொந்த வீடு உள்ளவர்கள். அப்பா பி.எஃப். பணத்தில் மாடி எடுத்திருப்பார். அந்தப் போர்ஷனில் இதுவரை யார் யார் குடியிருந்தார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அடுத்த முறை டு-லெட் பலகை மாட்டும்போது, "யாருன்னு கேட்காம குடுங்கப்பா" என்று சொல்லுங்கள். வீட்டில் சண்டை வரும். வரட்டும். முகநூலில் முன்பின் தெரியாதவரோடு போடும் சண்டையைவிட அது பயனுள்ளது. நீங்களே வீடு தேடிப் போகும்போது "யாரு?" என்று கேட்டால், உங்களுக்குச் சாதகமான பதில் கையில் இருந்தாலும் சொல்லாதீர்கள். அந்தப் பதிலைச் சொல்லி நீங்கள் வீடு வாங்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கேள்விக்கு இன்னும் கொஞ்சம் வலுச் சேர்கிறது.

இப்போது ஊரின் விளிம்பில், தெருவிளக்கு எட்டாத ஒரு வீட்டில் இருக்கிறேன். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, "கூடத்துல அம்பேத்கர் படம் மாட்டுவேன்" என்றேன். வீட்டுக்காரர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். "அஞ்சாந்தேதி வாடகை வந்தாப் போதும் தம்பி. ஆணி மட்டும் பார்த்து அடிங்க, சுவத்துல இப்பத்தான் பெயின்ட் அடிச்சிருக்கு" என்றார்.

வாடகைக்கு வருகிறவனிடம் ஒரு வீட்டுக்காரர் பேச வேண்டியது அவ்வளவுதான்.