ஷெட்டுக்குள் உறுமும் டிராக்டர்

மார்கழி பிறந்துவிட்டால் ராமநாதபுரம் பக்கத்து ஆட்களுக்குக் குளிர் வந்துவிடும். பாம்பன் கரையில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். ஊட்டிக்காரர் யாராவது கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார். ஆனாலும் மங்கி குல்லா, மப்ளர், டீக்கடையில் கூட்டம் எல்லாம் உண்டு. இந்தக் குளிர் மனிதர்களுக்கு மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். டிராக்டருக்கும் குளிருமாம்!

அதனால் விடிகாலையில் ஷெட்டுக்குள்ளேயே வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் ஏற்றி வைத்துவிட்டு, டிரைவர் பல் விளக்கப் போய்விடுவார். டீ குடித்துத் திரும்பும்வரை கால் மணி, சில சமயம் அரை மணி நேரம்கூட வண்டி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருக்கும். கேட்டால் ஒரே பதில்தான். "இன்ஜின் சூடாகட்டும்."

இன்ஜின் சூடாக வேண்டும் என்பது பொய்யில்லை. டீசல் இன்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை அழுத்தும்போது உண்டாகிற சூட்டில்தான் டீசல் பற்றிக்கொள்கிறது. கடுங்குளிரில் அந்தச் சூடு போதாது, ஆயிலும் கெட்டியாகிவிடும். ஆனால் அது பனி பெய்யும் ஊர்களின் பிரச்சினை. கனடாவில் இன்ஜினுக்குள் ஒரு மின்சார ஹீட்டரைப் பொருத்தி, கரண்ட் வயரைச் சொருகி வைக்கிறார்கள். வண்டியை ஓட விடாமலேயே இன்ஜின் சூடாகிவிடுகிறது. பனிக்கட்டி ஊரிலேயே அப்படி என்றால், மார்கழியிலும் பத்து மணிக்கு வெயில் சுடுகிற ஊருக்கு அரை மணி நேரம் எதற்கு?

ஸ்டார்ட் ஆன சில விநாடிகளில் ஆயில் பிரஷர் ஏறி, எச்சரிக்கை விளக்கு அணைந்துவிடும். ஓரிரு நிமிடம் ஐடிலில் விட்டு, பிறகு பாரம் இல்லாமல் மெதுவாக ஓட்டிப் போனாலே போதும். சும்மா நிற்கும் இன்ஜினைவிட மெல்ல ஓடும் இன்ஜின் சீக்கிரம் சூடாகும். நின்ற இடத்தில் ஓடும்போது டீசல் முழுதாக எரிவதில்லை. நாசிலில் கரி படிகிறது, எரியாத டீசல் ஆயிலில் கலக்கிறது. இன்ஜினைக் காப்பாற்றுவதாக நினைத்து அதன் ஆயுளைத்தான் குறைக்கிறார்கள். டீசல் விற்கிற விலையில் இது வேறா?

சரி, இது காசு சம்பந்தப்பட்டது. போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்துக்கு வருவோம்.

"எங்க அப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான் ஓட விடுறோம், என்ன ஆயிருச்சு?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அப்பா காலத்தில் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் இருக்கிறது. அப்போது டிராக்டர் நின்றது நாலு கல் தூண், மேலே பனையோலை அல்லது கீற்று. சுவர் என்று எதுவும் கிடையாது. கடல் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். புகையெல்லாம் அதோடு போய்விடும். இன்று அந்தக் கொட்டகை எங்கே? பேட்டரி திருடு போகிறது, டீசல் திருடு போகிறது என்று மூன்று பக்கமும் சுவர் எழுப்பி, நாலாவது பக்கம் ஷட்டர் போட்டாகிவிட்டது. பல வீடுகளில் ஷெட்டின் ஒரு சுவர், படுக்கை அறையின் சுவராகவும் இருக்கிறது. சுவர் கட்ட வசதியில்லாதவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழைச் சாரலுக்கு பயந்து, திறந்திருக்கும் பக்கமெல்லாம் தார்ப்பாயைக் கட்டித் தொங்கவிடுகிறார்கள். ஷெட் மாறிவிட்டது, பழக்கம் மட்டும் மாறவில்லை.

மூடிய இடத்தில் இன்ஜின் ஓடினால் சேர்வது கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. மூக்கில் ஏறுகிற டீசல் நாற்றம் வேறு, இது வேறு. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினோடு, ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு கிறுகிறுப்பு, குமட்டல். "ராத்திரி சரியாத் தூங்கல, பித்தம்" என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்கத் தெம்பு இருக்காது. "புகை மேலே போய்விடும், ஓட்டுக்கடியில் இடைவெளி இருக்கிறதே" என்பார்கள். இந்த வாயுவின் எடை ஏறக்குறைய காற்றின் எடைதான். அதனால் மேலேயும் போகாது, கீழேயும் தங்காது. அறை முழுக்கக் கலந்து நிற்கும்.

பெட்ரோல் இன்ஜினோடு ஒப்பிட்டால் டீசல் இன்ஜின் இந்த வாயுவைக் குறைவாகத்தான் விடும். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் டீசல் புகையில் நைட்ரஜன் ஆக்சைடுகளும் நுண்ணிய கரித்தூளும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012ல் டீசல் புகையை, மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்துவிட்டது. போதாததற்கு உப்புக்காற்று! கடலோரத்தில் சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை விழ அதிக காலம் ஆகாது. ஓட்டை விழுந்த சைலன்சரிலிருந்து புகை நேராக ஆள் நிற்கும் உயரத்திலேயே வெளியேறும்.

இந்த வாயுவை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி. 1890களில் தானே அதைச் சுவாசித்து, உடலில் என்ன நடக்கிறது என்று குறித்து வைத்தார். நிலக்கரிச் சுரங்கத்துக்குள் எலி, குருவி போன்ற சிறு உயிர்களைக் கொண்டு போகச் சொன்னதும் அவர்தான். மனிதனுக்கு முன்பே அவை மயங்கி விழும் என்பதால். (அவருடைய மகன் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957ல் இந்தியாவுக்கே வந்துவிட்டார். 1964ல் புவனேஸ்வரில் இறந்தார். இந்த விஷயத்துக்கு சம்பந்தமில்லை, ஆனாலும் தெரிந்துகொள்ள வேண்டிய ஆள்.) டிராக்டர் ஷெட்டில் குருவிக்கூண்டு தொங்கவிட யாரும் போவதில்லை.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை என்று தள்ளிவிடவும் முடியாது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸில் கடும் பனியில் கரண்ட் போனபோது, சூட்டுக்காக கராஜுக்குள் காரை ஓட விட்டவர்களும், வீட்டுக்குள் ஜெனரேட்டர் போட்டவர்களுமாகப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அது கடும் குளிரில் நடந்தது. கேரளா? 2024 டிசம்பரில் கோழிக்கோடு மாவட்டம் வடகரையில், சாலையோரம் நிறுத்தியிருந்த கேரவன் வண்டிக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். ஏ.சி.க்காக ஜெனரேட்டரைப் போட்டுவிட்டுத் தூங்கியவர்கள். ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடு உள்ளே புகுந்துவிட்டது என்று கோழிக்கோடு என்.ஐ.டி. நிபுணர்கள் ஆராய்ந்து சொன்னார்கள். இவர்களுக்குத் தேவைப்பட்டது சூடு அல்ல, குளிர்ச்சி! வாயுவுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. புயலடித்துக் கரண்ட் போகிற ஒவ்வொரு முறையும் கடலோர ஊர்களில் கடைக்குள், வராண்டாவில், மாடிப்படிக்கு அடியில் ஜெனரேட்டர் ஓடத்தான் செய்கிறது.

ராமேஸ்வரம் விசைப்படகுகளைப் பார்த்தாவது யோசிக்கலாம். அங்கே இன்ஜின் இருப்பது தளத்துக்குக் கீழே, ஒரு குழி மாதிரியான அறையில். ஆனால் புகைக்குழாயை வெளியே கொண்டுபோய்த்தான் விட்டிருப்பார்கள். புகை உள்ளேயே சுற்றினால் ஆள் நிற்க முடியாது என்பது கடலுக்குப் போகிறவருக்குத் தெரியும். கரையில் இருப்பவர்தான் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, அது போதும் என்று நினைக்கிறார்.

செய்ய வேண்டியது அப்படியொன்றும் பெரிய வேலையில்லை. சாயங்காலம் வண்டியை நிறுத்தும்போதே ரிவர்ஸில் ஏற்றி, முகம் வாசலைப் பார்க்க நிறுத்த வேண்டும். காலையில் ஷட்டரை முழுக்கத் தூக்கிவிட்டு ஸ்டார்ட் செய்து, உடனே களத்துக்கோ தெருவுக்கோ கொண்டுவந்துவிட வேண்டும். சூடு ஏற்றுவதெல்லாம் வானத்துக்குக் கீழே. வெளியே கொண்டுவர ஏன் தயங்குகிறார்கள் என்று பார்த்தால், பாதிப் பேருக்கு பேட்டரிதான் காரணம். "வெளியே கொண்டுபோய் ஆஃப் ஆயிட்டா யார் தள்ளுறது?" சார்ஜ் நிற்காத பேட்டரிக்காகத்தான் உள்ளேயே ஓட விட்டு சார்ஜ் ஏற்றுகிறார்கள், அதற்குக் குளிர் மேல் பழி போடுகிறார்கள். டெர்மினலில் பூத்திருக்கும் வெள்ளை உப்பைச் சுரண்டி, கிரீஸ் தடவினாலே பாதிப் பிரச்சினை தீரும். மீதிக்கு மெக்கானிக் இருக்கிறார்.

ஷெட்டுக்குள் யாராவது மயங்கிக் கிடந்தால், பதறி உள்ளே ஓடுகிறவரும் பக்கத்திலேயே விழலாம். முதலில் ஷட்டரையோ தார்ப்பாயையோ முழுதாகத் திறக்க வேண்டும். உள்ளே அதிக நேரம் நிற்காமல் ஆளை இழுத்து வெளியே போட்டு, 108க்கு போன் செய்ய வேண்டும். ஆக்சிஜன்தான் மருந்து. ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டும் கருவி இந்த வாயுவையும் ஆக்சிஜனையும் பிரித்தறியாமல் 98, 99 என்று காட்டி ஏமாற்றக்கூடும். அதனால் கூடப் போகிறவர் டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டியது, மூடின ஷெட்டுக்குள் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது என்பதைத்தான்.