வகுப்பறையில் மறுசுழற்சித் தொட்டி: உறையூர் பள்ளிகளுக்கு எத்தனை வேணும்?

திருச்சி மாநகராட்சி தெருவோரக் குப்பைத் தொட்டிகளை எடுத்துவிட்டு, வீடு வீடாகப் போய் குப்பை வாங்கும் முறைக்கு மாறி வருஷங்கள் ஆகிவிட்டன. தொட்டி இருந்தால் எல்லாத்தையும் அதிலேயே கொட்டிவிடுகிறார்கள். அப்போ வகுப்பறைக்குள் மட்டும் எதுக்கு புதுசா தொட்டி?

காரணம் இருக்கிறது. திடக்கழிவு மேலாண்மை விதிகள், குப்பை உருவாகும் இடத்திலேயே அதைப் பிரிக்கச் சொல்கின்றன. வீட்டுக்கு மட்டுமல்ல, பள்ளிக்கும்தான். பிரிக்காத குப்பை என்னவாகும் என்பதற்கு அரியமங்கலமே சாட்சி. சுமார் 47 ஏக்கர் கிடங்கு. அடிக்கடி தீப்பிடித்து, சுத்துப்பட்டு மக்கள் புகையில் மூச்சுத் திணறிய இடம். அந்த மலையைச் சலித்துப் பிரிக்கவே கோடிக்கணக்கில் செலவானது.

ஆனால் வகுப்புக்கு மூன்று கலர் தொட்டி தேவையா? உறையூரில் ஒரு வகுப்பறையைச் சாயங்காலம் கூட்டினால் கிழிந்த நோட்டுத் தாள், பென்சில் சீவல், தீர்ந்த ரீஃபில், சிப்ஸ் கவர் கிடைக்கும். இதில் காசு பெறுவது தாள் மட்டும்தான். சிப்ஸ் கவர் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒட்டிய படலம். பழைய பேப்பர் கடைக்காரர் தொடவே மாட்டார். அதை ‘மறுசுழற்சி’ என்று எழுதிய தொட்டியில் போடச் சொல்வது பிள்ளைகளிடம் பொய் சொல்வதுதான்.

தாளுக்கு இன்னொரு எதிரி சாம்பார். ஈரம் பட்ட தாள் எடைக்குப் போகாது. அதனால் வகுப்புக்கு ஒரே ஒரு அட்டைப்பெட்டி போதும், தாளுக்கு மட்டும். சாப்பாட்டு மிச்சத்துக்கான வாளி, சாப்பிடும் இடத்தில் இருக்கட்டும். கவர்களுக்கு வராந்தாவில் ஒன்று.

சரி, காலி செய்வது யார்? 20 வகுப்பறைக்கு மூன்று தொட்டி வைத்தால் 60 தொட்டி. தூய்மைப் பணியாளர் ஒருத்தர்தான் இருப்பார். அவர் எல்லாத்தையும் ஒரே சாக்கில்தான் கொட்டுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. அதை ஒரு தடவை பார்த்த பிள்ளை அப்புறம் எதையும் பிரிக்காது. அதுக்காகப் பிள்ளைகளையே குப்பை தூக்க விடுவதும் கூடாது. தன் தாளைப் பெட்டியில் போடுவது பழக்கம். அடுத்தவர் எச்சில் வாளியைச் சுமப்பது வேலை.

தாள் விற்ற காசு பெரிய தொகையாக இருக்காது. வாரம் ஒருமுறை பெட்டிகளைக் கொட்டிக் கட்டும் அந்தப் பணியாளருக்கே அது போகட்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழு முதல் கூட்டத்திலேயே தீர்மானம் போட்டுவிடலாம்.