லிட்டர் அதே, சக்தி கம்மி!

பெட்ரோலுக்கு மாற்று, மதுரைக்குப் புதுசல்ல. 2-ம் உலகப் போரில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, இங்குள்ள டி.வி.எஸ். கம்பெனி 'காஸ் பிளாண்ட்' செய்து கொடுத்தது. கரி வாயுவில் பஸ் ஓடியது. இழுவை கம்மி; ஆனால் பின்னால் அடுப்பு தொங்கியதால் அது ஊருக்கே தெரியும்.

இப்போது பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். கரும்பு, மக்காச்சோள விவசாயிக்கு வருமானம்; அன்னியச் செலாவணி மிச்சம். நல்லதுதான். ஆனால் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால், எத்தனாலின் சக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. பழைய கார்களுக்கு மைலேஜ் 6, 7 சதவீதம் குறையும் என்று 2021-ல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது.

திருநகரிலிருந்து தினமும் டவுனுக்குக் கார் ஓட்டுகிறவர் தலையில் அந்த நஷ்டம் விழலாமா? சக்தி குறைந்தால் விலையும் குறையணும். எடைக்கல் குறைந்தால் மளிகைக் கடைக்காரரைச் சும்மா விடுவார்களா?