பெட்டி வாசிக்குது... பாட்டு யாரோடது?

ஆம்பூரில் ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனில் வேலை பார்க்கும் நண்பன் ஒருத்தன், சொந்தமாகப் பாட்டு எழுதி மெட்டுப் போட்டு எங்களிடம் போட்டுக் காட்டினான். பின்னணி இசை முழுக்க 'பேண்ட் இன் எ பாக்ஸ்' மென்பொருள். பாதியிலேயே எல்லோரும் சிரித்துவிட்டோம். "என்னடா, கீபோர்டு டெமோ மாதிரி இருக்கு" என்று முதலில் சொன்னவன் நான்தான். அப்புறம் ரெண்டு மாசம் அவன் எதுவுமே எழுதவில்லை. அந்த உறுத்தல்தான் இந்தப் பதிவு.

இந்த மென்பொருள் 1990-இல் கனடாவிலிருந்து வந்தது. கார்டுகளை டைப் செய்து, ஒரு ஸ்டைலைத் தேர்ந்தெடுத்தால் பியானோ, பேஸ், டிரம்ஸ் எல்லாம் அதுவே வாசிக்கும். அப்படியென்றால் பாட்டு பெட்டியோடதுதானே என்று கேட்பார்கள். இல்லைங்க. மெட்டும் வரியும் அவன் மண்டையிலிருந்து வந்தவை. காசு கொடுத்து ஆள் வைத்து வாசிக்க முடியாதவனுக்குப் பெட்டி துணைக்கு நிற்கிறது, அவ்வளவுதான்.

ஏ.ஆர்.ரஹ்மானையும் 'கம்ப்யூட்டர் மியூசிக்' என்று சொன்னவர்கள் உண்டு. 1989-இல் சென்னையில் தன் வீட்டிலேயே ஸ்டுடியோ அமைத்தவர், 1992-இல் வந்த முதல் படமான 'ரோஜா'வுக்கே தேசிய விருது வாங்கினார். மெஷின் எல்லோரிடமும் வரலாம், அந்த மெட்டு வராதே!

அதற்காக நண்பனை வெறுமனே புகழ்ந்துவிட்டுப் போவதும் ஏமாற்று வேலைதான். குறையும் இருந்தது. ஷூ கம்பெனிக்காரனுக்கு இதைச் சொன்னால் சட்டென்று புரியும்: ஒரே லாஸ்டில் ஏற்றினால் எந்தத் தோலும் ஒரே வடிவம்தான். ஸ்டைலை அப்படியே எடுத்தால் பாட்டும் அப்படித்தான். அதில் இருக்கும் ஸ்டைல்கள் பெரும்பாலும் நாலு நாலாக எண்ணுபவை, சில மூன்று மூன்றாக. எட்டு எண்ணிக்கை ஆதி தாளம் அதில் உட்கார்ந்துவிடும். ஐந்து எண்ணிக்கை கண்ட சாபு அவ்வளவு சுலபமாக உட்காராது. அதனால் முதலில் பெட்டியை மூடிவிட்டு, மேஜையில் தாளம் தட்டிப் பாடு. அப்படியும் பல்லவி நின்றால் பிறகு கார்டு போடு. டிரம்ஸை அணைத்துவிட்டு ஒரு தடவை கேள்.

காமர்ஸ் படிக்கிறவனாக இன்னொன்றும் சொல்கிறேன். பதிப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தத்துக்குப் பிறகு, சினிமாவில் வரும் பாட்டை எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் மற்ற வழிகளில் அதற்குக் கிடைக்கும் ராயல்டியில் தங்கள் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாது. வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் கொடுக்கலாம். சட்டமே அவ்வளவு மதிக்கிற ஒன்றைத்தான் நாங்கள் டீக்கடையில் சிரித்து ஒதுக்கினோம்.

போன ஞாயிற்றுக்கிழமை அவனிடம் போய், "அந்தப் பல்லவியை மியூசிக் இல்லாம பாடுடா" என்றேன். முதலில் முறைத்தான். அப்புறம் பாடினான். நல்லாத்தான் இருந்தது, சத்தியமா :)

உங்கள் பக்கத்திலும் இப்படி ஒருத்தன் இருப்பான். சிரிப்பதற்கு முன்னால் ஒரு தடவை முழுசாகக் கேளுங்க.